கழிவுக்கும் சொந்தக்காரன்

நான் செய்த சர்க்யூட் போர்டைத் தன்னுடையது என்று காட்டி முகேஷ்குமார் முழு மதிப்பெண் வாங்கிவிட்டான். மாலை வகுப்பில் யாரும் என்னை நம்பவில்லை. போர்டில் பெயர் எழுதாதது என் தவறுதானோ என்று மூன்று நாளாக யோசிக்கிறேன்.

போர்டில் வேண்டாத செம்பை அரித்தெடுத்த ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சாக்கடையில் ஊற்ற எங்கள் வகுப்பில் அனுமதியில்லை. போர்டு செய்தவரே சலவைச் சோடா போட்டு அமிலத்தைப் போக்கி, அடியில் தங்கும் சேற்றைத் தனி டப்பாவில் அடைக்க வேண்டும்.

இன்று அந்தக் கரைசல் வாளியை, மதிப்பெண் போட்ட ஜமால் சார் முன்னால் வைத்தேன். "சார், இது முகேஷ் போர்டோட கழிவு."

"ஏலே முகேஷு, போர்டு ஒனக்கு, கழிவு மட்டும் ஊருக்கா?" என்றார் சார்.

முகேஷ்குமார் என் பக்கம் குனிந்தான். "நாகஜோதி, சோடா எம்புட்டு போடணும்?"

"ஒரு பாக்கெட். கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்க," என்றேன். சிறிது சிறிதாகத் தூவ வேண்டும் என்பதைச் சொல்லவில்லை.

அவன் மொத்தமாகக் கொட்டினான். நுரை பொங்கி வழிந்து, அவனுடைய வெள்ளைச் சட்டை துருப்பிடித்த நிறமானது.

"இதுகூடத் தெரியாம எப்படிலே போர்டு செஞ்ச?" என்றார் சார். பிறகு என்னைப் பார்த்தார். "செஞ்சது நீயா?"

"ஆமா சார்."

மேசையைத் துடைக்கும் துணி என் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. எடுத்து முகேஷ்குமாரிடம் நீட்டினேன்.