இருளாயியின் இருநூற்று நாற்பது வோல்ட்

1974ஆம் ஆண்டு, சிலிம் ரிவருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், பால்மரம் வெட்டும் இருளாயி ஒரு பல்பின் இரண்டு வயர்களையும் கைக்கொன்றாகப் பிடித்தாள், பல்பு எரிந்தது. ஒன்றை விட்டாள், அணைந்தது. அந்த வாரம் ரப்பர் விலை இறங்கியிருந்ததால் லயத்து வீடுகளில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

அவள் புருஷன் ஐயாவு தோட்டத்து ஜெனரேட்டரை ஓட்டுபவன். ஆறு மணிக்கு அவன் இஞ்சினை முடுக்கினால்தான் நாற்பது வீட்டுக்கும் வெளிச்சம். ஒன்பதுக்கு நிறுத்தப் போகையில், "அண்ணே, இன்னும் பத்து நிமிஷம் லா" என்று ஜனங்கள் கெஞ்சுவதைக் கேட்கவே அந்த வேலையில் இருந்தான். இப்போது அவர்கள் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கே போய் "அக்கா" என்றார்கள். ஐயாவுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் இரு கைகளிலும் மீட்டரை வைத்துப் பார்த்தான். இருநூற்று நாற்பது வோல்ட். வோல்ட் என்பது அழுத்தம், மேல்தொட்டித் தண்ணீருக்கு இருப்பதுபோல. குழாயைத் திறந்தால் ஓடுகிறதே, அது கரண்ட். இரண்டையும் பெருக்கினால் வாட். கூடுதலாக இழுத்தால் அவனுடைய இஞ்சினுக்கு வோல்ட் விழும், பல்புகள் மங்கும். அவளுக்கும் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று வெறி வந்தது. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி வீட்டு இஸ்திரிப் பெட்டியை மாட்டினான், நாலு ஆம்பியர். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலையும் சேர்த்தான், இன்னும் எட்டு. மூவாயிரம் வாட்டை நெருங்கியது. இஞ்சினே அவ்வளவு தராது. முள் அசையவில்லை. மூன்று மாதம், சாயங்காலம் தவறாமல் மாட்டினான். அவள் மறுத்ததே இல்லை.

ஒரு நாள் காலை, ஆள்கணக்கெடுக்கும் பெரட்டில் இருளாயி சுருண்டு விழுந்தாள். பால் நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். இரண்டு வாளிப் பால் கனம்கூட இல்லை. ஐயாவு ஒற்றைக் கையால் அவளைத் தூக்கினான். எரிந்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

"ஏண்டி, ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க மீட்டரத்தானே பாத்தீங்க. என்னையா பாத்தீங்க?"

இஸ்திரிப் பெட்டியும் கேத்தலும் அன்றே கிராணி வீட்டுக்குத் திரும்பின. ஐயாவு ஆக்கிப் போட்ட சோற்றிலும் கருவாட்டிலும் அவள் பழைய எடைக்கு வர ஒரு வருஷம் பிடித்தது.

1981இல் ஜெலாப்பாங் ஊரில் தொழிற்சாலை வேலை கிடைத்துக் குடிபோனார்கள். அங்கே வீட்டுக்கு வீடு கரண்ட் இருந்தது. ஆனாலும் சமையலறை பல்பை மட்டும் இருளாயியே எரித்தாள், இரண்டு கை வளையல்களிலும் வயரைச் சுற்றிக்கொண்டு. ஐயாவின் பொறாமை முழுக்கப் போகவில்லை. எதிர்வீட்டுக்காரன் அவளிடம் பேட்டரி தீர்ந்த டார்ச் லைட்டை நீட்டினால் முகம் கறுக்கும்.

மாதாமாதம் கரண்ட் மீட்டர் குறிக்க வரும் ஆள் ஒருமுறை எட்டிப் பார்த்து, "அந்த பல்பு மீட்டர்ல ஏறலியே?" என்றான்.

"அது என் சம்சாரம்" என்றான் ஐயாவு.

மீட்டர்க்காரன் தலையாட்டி, எண்ணைக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.