மஞ்சள் கோடு வரைக்கும்

சூதாட்டக் கூடத்தின் பின்வாசலில் நிற்கும் காவலாளிக்கு அங்கே வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர் கதவு. "கதவு சாப்பிட்டாச்சா?" "கதவுக்கு இன்னைக்கு லீவு" என்பார்கள். அவன் கோபித்துக்கொண்டதில்லை. வாலிபம் முழுக்க முதுகில் பாரம் சுமந்தவனுக்கு, சும்மா நிற்பதற்குச் சம்பளம் என்பதே பெரிய விஷயம்.

கழுத்தில் தொங்கும் உரிம அட்டை சூதாட்ட ஆணையம் கொடுத்தது. அது இருந்தால்தான் வேலை. வாசலை அடுத்துத் தரையில் ஒரு மஞ்சள் கோடு. 'எங்களை உள்ளே விடாதீர்கள்' என்று தாங்களாகவே எழுதிக் கொடுத்தவர்களின் முகங்கள் அவன் மேசைத் திரையில் இருக்கும். அதில் ஒருவர் கோட்டைத் தாண்டினால் கூடத்தின் உரிமம் விசாரணைக்குப் போகும். விட்டவனின் அட்டை அன்றைக்கே போகும். முன்வாசலில் நின்ற ஒருவன் அப்படித்தான் போனான். இப்போது சந்தையில் தண்ணீர் கேன் தூக்குகிறான்.

அந்த முகங்களில் ஒன்று அவனுடைய அக்கா புருஷனுடையது. சொந்தமாக ஓட்டிக்கொண்டிருந்த மினி லாரியை இங்கேதான் விட்டார். அக்கா பிள்ளைகளோடு தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்த அன்று, தானே போய்க் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருஷக் கெடு. நடுவில் மனசு மாறினாலும் வாபஸ் வாங்க முடியாது, சட்டம் அப்படி. அதற்கப்புறம் சுமை தூக்கப் போனார். கூடத்துப் பக்கமே வரவில்லை. அக்கா திரும்பிப் போய்க் குடும்பம் நடத்துகிறாள்.

அன்று காலை புது ஆட்ட மெஷின்கள் வந்தன. அவற்றின் முத்திரையை உடைத்துச் சோதிக்க ஆணையத்து அம்மா உள்ளே வந்து உட்கார்ந்திருந்தார். லாரி பின்பக்கமாக வந்து நின்றது. மேஸ்திரி குதித்தார். பின்னால் மூன்று பேர். நாலாவதாக இறங்கியது மச்சான்.

"என்ன மாப்ள, அடையாளம் தெரியலையா? அப்படி முழிக்கிற."

"நீங்க எங்க இங்க?"

"பாரம் எங்கயோ அங்க நான். ஒருத்தனுக்குக் காய்ச்சல், மேஸ்திரி கூப்பிட்டாரு."

படி இருப்பதால் தள்ளுவண்டி ஏறாது. ஒரு மெஷினுக்கு மூலைக்கு ஒருவராக நாலு பேர் வேண்டும். கதவு மேஸ்திரியைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னான்.

"அட, அவன் என்ன ஆடவா வர்றான்? வச்சிட்டுத் திரும்பப் போறான்," என்றார் மேஸ்திரி. "இவன வீட்டுக்கு அனுப்பிட்டு மூணு பேர வச்சு நான் என்ன, கோலியா விளையாட?"

சத்தம் கேட்டு மேனேஜர் வந்தார். அவருக்கும் அவசரம். "சட்டம் ஆடுறவங்களுக்குய்யா. வேலைக்கு வர்றவனுக்கு என்ன?"

"ஆடக்கூடாதுன்னு போடல சார். நுழையக்கூடாதுன்னு போட்டிருக்கு. வேணா உள்ள இருக்கிற அம்மாகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க."

மேனேஜர் உள்ளே ஒரு முறை எட்டிப் பார்த்தார். கேட்கப் போகவில்லை. "அஞ்சு நிமிஷ வேலை. உன் சொந்தக்காரன்தானே," என்றார்.

"விடு மாப்ள," மச்சான் சிரித்தார். "உன் அட்டைக்கு ஆபத்துன்னா போயிடுறேன். உங்கக்காகிட்ட நீயே வந்து சொல்லு, உன் வீட்டுக்காரர் கூலிய நான்தான் கெடுத்தேன்னு."

அது தைத்தது. ஒரு வருஷமாக மனுஷர் ஒழுங்கு. இன்றைக்குத் திருப்பி அனுப்பினால் மேஸ்திரி நாளைக்குக் கூப்பிடமாட்டார். வேலை இல்லாமல் உட்கார்ந்தால் மறுபடி எங்கே போவாரோ. கதவு போய், மெஷின் நுழைவதற்காக வாசலின் இரண்டாவது பலகையின் தாழ்ப்பாளைத் தூக்கினான்.

நாலு பேரும் மெஷினைத் தூக்கிப் படியேறினார்கள். மச்சான் முன்மூலை. பாரம் இழுக்க, உடம்பு குனிய, அழுக்குச் சட்டையின் கழுத்து விலகியது. உள்ளே வெள்ளைக் காலர், இஸ்திரி மடிப்போடு.

ஆளின் முகத்துக்கு முன்னால் காலரைப் பார்ப்பது கதவின் தொழில். சுத்தமான காலர் சட்டை இல்லாமல் யாரும் ஆட்டத் தளத்தில் நிற்க முடியாது, கூடத்தின் விதி. மூட்டை தூக்க வருகிறவன் உள்ளே இன்னொரு சட்டை போட்டு வியர்க்கமாட்டான். வேலை முடிந்ததும் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளேயே தங்கிவிடுகிறவன்தான் போடுவான்.

"கீழ வைங்க மச்சான்."

குரல் உயரவில்லை. ஆனால் நாலு பேரும் கோட்டுக்கு முன்னாலேயே வைத்துவிட்டார்கள். மச்சான் அவன் கண் போன இடத்தைப் பார்த்தார். கை தன்னால் கழுத்துக்குப் போய், மேல் பொத்தானைப் போட்டது.

"இப்பதானய்யா திறந்த, என்ன ஆச்சு?" என்றார் மேனேஜர்.

சொன்னால் மச்சானை நாளைக்கு எந்த மேஸ்திரியும் சேர்க்கமாட்டான். "ரூல் சார்," என்றான் கதவு. "கோடு வரைக்கும் அவர் தூக்கட்டும். அங்கேர்ந்து நான் வாங்கிக்கிறேன். உங்ககிட்டயும் அட்டை இருக்கு, கொஞ்சம் வாசல்ல நில்லுங்க."

"நானா?"

"நிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல சார். காலை மட்டும் மாத்தி மாத்தி வைங்க."

ஒருவன் சிரித்தான். கதவு சீருடை ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, மஞ்சள் கோட்டுக்கு உள்ளே போய் நின்றான்.

பாரம் கைமாறுவதற்குச் சுமைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. வாங்குகிறவன் பிடித்து, எடையைத் தன் மேல் ஏற்றிக்கொண்டு, "வாங்கிட்டேன்" என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழுந்த பிறகுதான் கொடுக்கிறவன் கையை எடுக்க வேண்டும். மச்சான் கோட்டில் நின்றார். முகம் கல்லாக இருந்தது. கதவு மூலையைப் பிடித்தான். "வாங்கிட்டேன்." மச்சான் வெடுக்கென்று கையை உருவிக்கொண்டார்.

உள்ளே போய் வைப்பதற்குள் இடுப்பு பழைய நாட்களை ஞாபகப்படுத்தியது. "நின்னு நின்னு தொப்பை போட்டுட்டு எங்ககூட மல்லுக்கட்டுறியா?" என்றார் மேஸ்திரி. "மச்சானும் மாப்ளையும் ஒரு கூலிய ரெண்டாப் பிரிச்சுக்குங்க."

"கூலி அவருக்குத்தான். எனக்கு நிக்கிற சம்பளம் இருக்கு."

திரும்பி வந்தபோது லாரிப் பக்கம் மச்சானைக் காணவில்லை. போய்விட்டார் என்றுதான் கதவு நினைத்தான். இந்த ஊரில் இது ஒன்றா கூடம்? ஆனால் இந்த ஒரு வாசல்தானே தன்னுடையது.

லாரிக்கு மறுபுறமிருந்து மச்சான் வந்தார். கையில் வெள்ளைச் சட்டை, அக்கா மடிக்கிற மாதிரியே மடித்திருந்தது. அதைக் கோட்டுக்கு வெளியே தரையில் வைத்து, காலால் உள்ளே தள்ளினார்.

"வேர்வைல கசங்கிரும். உன்கிட்டயே இருக்கட்டும்."

"சரி."

"அக்காகிட்ட என்ன சொல்லுவ?"

"வேலைக்கு வந்தாரு, தூக்குனாரு. வேறென்ன நடந்துச்சு இங்க?"

மச்சான் லாரிக்குப் போய் அடுத்த மெஷினின் முன்மூலையில் கைவைத்தார். படியேறி வந்தார்கள். கோட்டை நெருங்கியதும், மேஸ்திரி சொல்வதற்கு முன்னால், அவரே நின்றார்.

"கோடு வந்திருச்சு மாப்ள. பிடி."

கதவு பிடித்தான். எடை கைக்கு வந்தது. "வாங்கிட்டேன்," என்றான்.

"நல்லாப் பிடிச்சிட்டியா?" என்று இன்னொரு தரம் கேட்டுவிட்டுத்தான் மச்சான் கையை எடுத்தார்.