தொப்பிக்குள் வைத்துத் தைத்த கல்

பெட்டிக்காரருக்குக் கோபமே வராது என்று யுரேனியம் தேடும் முகாமில் நாற்பது பேரும் நம்பியிருந்தார்கள். நன்றாக நம்பினார்கள், போங்கள்.

அவர் வேலை இதுதான். பூமியைத் துளைத்து எடுக்கிற மணற்கல் உருளை உருளையாக மரப்பெட்டிகளில் வந்து ஷெட்டில் இறங்கும். கதிர்வீச்சை அளக்கும் கைக் கவுண்ட்டரை அதன்மேல் சாண் சாணாக நகர்த்தி, காட்டுகிற எண்ணை எழுத வேண்டும். யுரேனியம் இருந்தால் எண் எகிறும். சிவப்பு மணற்கல் சாம்பல் நிறத்துக்கு மாறுகிற இடத்தில்தான் முக்கியமாகப் பார்க்கணும். நிலத்தடித் தண்ணீரோடு வந்த யுரேனியம் அங்கேதான் தங்கும். பதினோரு வருஷமாகக் குனிந்து குனிந்து முதுகு போனதுதான் மிச்சம், எண் நாற்பதைத் தாண்டியதில்லை. ஒரே ஒரு துளையில் கிடைத்தால் போதும், இங்கே சுரங்கம் வரும், தினக்கூலிகள் எல்லோருக்கும் நிரந்தர வேலை, குடியிருப்பில் வீடு. அந்த வீட்டு ஜன்னலுக்கு அவர் மனைவி திரைகூடத் தைத்து வைத்திருந்தாள்.

துளைபோடும் மெஷினை ஓட்டுகிறவன் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். வாய் ஓயாத ஆள். ஒருநாள், கவுண்ட்டர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வைத்திருக்கும் யுரேனியத் துண்டை எடுத்து, தங்கை புருஷனின் தொப்பி மடிப்புக்குள் வைத்துத் தைத்துவிட்டான். முகாமுக்குத் தலைமையான ஜியாலஜிஸ்ட்டுக்கும் தெரியும். படித்த மனுஷன், தடுக்கவா செய்தார்? வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பெட்டிக்காரர் குனிந்ததும் எண் எகிறியது. நிமிர்ந்தால் அடங்கியது. கல்லில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார். உடனே மனைவிக்குப் போன் போட்டார். அவள் தெரு முழுக்கச் சொன்னாள், வாடகை வீட்டைக் காலி செய்வதாக வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டாள். மறுநாள் மதியம் எல்லோரும் சாப்பிடும்போது மச்சான்காரன் அவர் தொப்பியைப் பிடுங்கி, தையலைப் பிரித்து, கல்லை அவர் தட்டிலேயே டங்கென்று போட்டான். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. பெட்டிக்காரரும் சிரித்தார், வேறென்ன செய்வார்? வீட்டுக்காரர் அதற்குள் வேறு ஆளைப் பிடித்துவிட்டதால், இப்போது அதே மச்சான் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறையில் குடித்தனம். மனைவி தெருவில் தலைகாட்டுவதே இல்லை.

பிறகு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. இன்னும் ஒரே ஒரு துளை; அதிலும் இல்லையென்றால் முகாமை மூடுங்கள். துளைக்குள் இறக்கிப் பார்க்கிற கருவியோ கேபிள் அறுந்து அதற்கு முந்தின வாரமே உள்ளே போய்ச் சேர்ந்திருந்தது. ஆக, எல்லாம் பெட்டிக்காரர் கையில். அவர் எண் எகிறியது என்று எழுதும் கல்துண்டு மட்டும்தான் ஆய்வுக்கூடத்துக்குப் போகும்.

கடைசிப் பெட்டியில் சிவப்பு முடிந்து சாம்பல் தொடங்கும் இடத்தில் எண் எகிறியது. ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

அவர் தொப்பியைக் கழற்றி வெளியே எறிந்தார். சட்டையைக் கழற்றினார். செருப்பையும் விடவில்லை. வெறும் பனியனோடு மறுபடி வைத்துப் பார்த்தார். அதே ஆயிரத்துத் தொள்ளாயிரம். மனசு துள்ளியது, பொய் சொல்வானேன். திறந்த வாய் "சார்" என்று கூப்பிடப் போனது.

அதற்குள் மச்சானும் ஜியாலஜிஸ்ட்டும் மற்றவர்களும் வாசலில் நின்று அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டார்கள். "மாப்பிள்ளே, பேன்ட்டையும் கழட்டிப் பாத்துரு," என்றான் மச்சான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜியாலஜிஸ்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார்.

பெட்டிக்காரர் கவுண்ட்டரை அணைத்தார்.

"முப்பத்தெட்டு சார். எப்பவும்போலத்தான்."

அப்படியே எழுதிக் கையெழுத்தும் போட்டார். துளையை சிமென்ட் ஊற்றி அடைத்தார்கள், பெட்டிகளைக் குழி வெட்டிப் புதைத்தார்கள். நாற்பது பேருக்கும் வேலை போயிற்று. அவருக்கும்தான். அது தெரியாமலா எழுதினார்?

கடைசி நாள், மெஷினை ஏற்றிப்போன லாரியின் புழுதி அடங்குகிறவரை மச்சான் தரையில் உட்கார்ந்து அழுதான். இருபது வருஷமாக இதைத் தவிர வேறு வேலை தெரியாதாம், பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன் என்றான். இந்த அழுகையைப் பார்க்கத்தானே பெட்டிக்காரர் இத்தனையும் செய்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கடைசிப் பெட்டியில இருந்துச்சு மச்சான். ஆயிரத்துத் தொள்ளாயிரம். நான்தான் எழுதல."

மச்சான் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு கண்ணீரோடு சிரித்து அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டினான்.

"பரவால்ல மாப்பிள்ளே, நீயும் தமாஷ் பண்ணக் கத்துக்கிட்ட."

பெட்டிக்காரர் சத்தியம் பண்ணினார். அவன் இன்னும் பலமாகச் சிரித்தான். வீடு போய்ச் சேருகிறவரை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே வந்தான்.