வளைந்த தூணுக்குக் கற்பூரம்

ராயபுரத்தில் கோயிலுக்குப் பஞ்சமில்லை. இருந்தும் எங்கள் அரிசிக் கிடங்குக்குள் புதிதாக ஓர் அம்மன் வந்து சேர்ந்தாள். எப்படி வந்தாள் என்று என்னைக் கேட்டால், ராசையா மேஸ்திரி தள்ளுவண்டியை ஓட்டத் தெரியாமல் ஓட்டியதால் வந்தாள் என்று சொல்வேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

நான் சொக்கம்மாள். ரங்கூனிலிருந்து கப்பலில் வரும் அரிசி மூட்டைகளை அந்தக் கிடங்கில் அடுக்குவார்கள். கிழிந்த கோணியைத் தைப்பது என் வேலை. மேலே ஏறி மூட்டை அடுக்குவது என் வீட்டுக்காரர் வேலப்பனின் வேலை. முன்பெல்லாம் மூட்டைகள் தரையில்தான் கிடந்தன. அப்புறம் சீமையிலிருந்து இரும்புத் தூணும் சட்டமுமாக வந்து இறங்கி, கூரையைத் தொடுகிற மாதிரி இரண்டு பரண்கள் எழும்பின. ஒவ்வொன்றிலும் மூன்று தட்டு. முன்தூணில் ஒரு பித்தளைத் தகடு அடித்திருந்தது. ஒரு தட்டில் எவ்வளவு பாரம் வைக்கலாம் என்று அதில் இங்கிலீஷில் எழுதியிருக்கிறதாம். கிடங்கில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவர் மானேஜர் லியோனார்ட் ஒருவர்தான். அவர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, பித்தளை மங்காமல் தினமும் துடைத்து வைக்கச் சொன்னார். பாரத்தைப் பற்றி யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

கூலி ஆட்களுக்கு வண்டி தள்ளவே தெரியவில்லை என்று ராசையா மேஸ்திரிக்கு ஒரு நாள் கோபம் வந்துவிட்டது. நானே காட்டித் தருகிறேன் பேர்வழி என்று, மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார். காட்டியும் தந்தார். வண்டி நேராகப் போய் முதல் பரணின் முன்தூணில் மோதியது. முழங்கால் உயரத்தில் இரும்பு உள்வாங்கி வளைந்தது. மேலே மூட்டைகள் ஒரு முறை குலுங்கி அப்படியே நின்றன.

விழாமல் நின்றதுதான் வினையாகப் போயிற்று. ஒரு மூட்டை விழுந்திருந்தாலும் அன்றைக்கே மேஸ்திரியின் சீட்டு கிழிந்திருக்கும். விழவில்லை என்றதும் அவருக்கு ஞானம் பிறந்துவிட்டது.

"இரும்பே வளைஞ்சிபோச்சு, ஒரு மூட்ட வுழல பாத்தியா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தா தாங்கிக்கினு கீறா."

மறுநாள் வளைந்த இடத்தில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. பித்தளைத் தகடு முழுக்க மஞ்சள் பூசி, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு வைத்து, அதுதான் முகம் என்று சொல்லிவிட்டார்கள். எழுத்து ஒன்றுகூடத் தெரியவில்லை. பரணாத்தா என்று பேரும் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் வண்ணாரப்பேட்டையிலிருந்துகூடப் பெண்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து நின்றார்கள்.

லியோனார்ட் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். தூணை மாற்ற வேண்டுமென்றால் பரணைக் காலி செய்ய வேண்டும். கப்பல் மேல் கப்பல் வந்துகொண்டிருந்த சமயம். நன்றாக யோசித்து, வெள்ளிக்கிழமைக் கற்பூரத்தைக் கம்பெனியே வாங்கிக் கொடுக்கும் என்று உத்தரவு போட்டார். நல்ல மனசுக்காரர். இரும்பை விடக் கற்பூரம் மலிவு என்பது அவர் மனசில் வந்தே இருக்காது.

வேலப்பனோடு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்த அமீர் மட்டும், "எங்க மசூதில தூணு இப்டி வளைஞ்சா கொத்தனாரத்தான் இட்டாருவோம்," என்றான். மேஸ்திரி அவனை முறைத்து, அன்றே வாசலில் வண்டி இறக்கும் வேலைக்கு மாற்றினார். அவனுக்கு அது தண்டனையாம்.

வேலப்பன் தினமும் அந்தத் தூணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு அதே பரணில்தான் ஏறினார். வீட்டில் சோறு போடும்போது கேட்டேன்.

"மெய்யாலுமே ஆத்தா தாங்குறான்னு நம்புறியா?"

"மேஸ்திரி நம்புறாரு. நான் நம்பலன்னா நாளைக்கு எவன் எனக்கு வேல தருவான்?" என்று சொல்லிவிட்டுக் குழம்பு கேட்டார்.

லியோனார்டிடமே போய் நின்றேன். "தொரை, தூணு இன்னும் கொஞ்சம் சாஞ்சிக்கினு போவுது. மூட்டய எறக்கச் சொல்லுங்க," என்றேன்.

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சொக்கம்மா, ஒனக்கு பக்தி கம்மி," என்றார்.

எனக்குப் பக்தியைக் கற்றுக்கொடுக்கச் சீமை பூட்ஸ் போட்ட ஆள்தான் பாக்கி. சரி, சொக்கம்மாள் சொன்னால் கேட்க மாட்டீர்கள், அம்மன் சொன்னால் கேட்பீர்கள் அல்லவா, கேளுங்கள் என்று முடிவு கட்டினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை. மேஸ்திரி கற்பூரத் தட்டை ஏந்தியதும் கொண்டையை அவிழ்த்துவிட்டேன். உடம்பை முறுக்கி ஆடுவதற்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. உள்ளே அவ்வளவு ஆத்திரம் சேர்ந்திருந்தது.

"டேய் லியோனார்ட்டு," என்றேன். "எம் முதுவு ஒடியுதுடா. பாரத்த எறக்குங்கடா."

மேஸ்திரி தட்டோடு தரையில் விழுந்தார். லியோனார்ட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் கைகட்டி நின்றார். கல்யாணமான நாளிலிருந்து நான் பேசியதை அவர் வாய் திறக்காமல் கேட்டது அன்றைக்குத்தான்.

"எறக்கிடறோம் தாயி. ஒரு மூட்ட இருக்காது," என்றார் மேஸ்திரி.

அம்மன் வந்து போன உடம்பு களைத்திருக்கும் என்று தேங்காயும் பழமும் கொடுத்து, நாலு நாள் வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். அன்று பொழுது சாய்ந்து வேலப்பன் வந்ததும், "எறக்கியாச்சா?" என்று கேட்டேன். "எறக்கியாச்சு. பரணு காலி," என்றார். எனக்கு அப்படியொரு சந்தோஷம். நெத்திலி வாங்கி வறுத்துக் கொடுத்தேன். பாரம் தரைக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். மூட்டையை இறக்கு என்று சொன்னால் வேறு எங்கே இறக்குவார்களாம்?

புதன்கிழமை வேலைக்குப் போனபோது தெரிந்தது. முதல் பரண் காலியாக, மாலை போட்டுக்கொண்டு சுகமாக நின்றது. அதன் மூட்டைகள் அத்தனையும் இரண்டாவது பரணில் இருந்தன. அந்தப் பரண் ஏற்கெனவே நிறைந்திருந்த பரண். அதன் மேல்தட்டில் கூரை ஓடு இடிக்கிற அளவுக்கு அடுக்கியிருந்தார்கள். முன்தூண் நடுவில் வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. மூட்டை விழுகிற ஒவ்வொரு தடவையும் எங்கோ ஒரு திருகாணி கிரீச்சென்றது.

"தொரை, இன்னா இது? இதுவும் வளையுதே," என்று லியோனார்டிடம் ஓடினேன்.

"தரையில வெச்சா ஈரம். அதுவும் இல்லாம நாளைக்குக் கப்பல் வருது, தரை வேணும்," என்றார். பிறகு ரொம்ப மரியாதையாக, "ஆத்தா அந்தப் பரணத்தான சொன்னாங்க. இந்தப் பரணப் பத்தி ஒண்ணும் சொல்லலையே," என்றார்.

மேல்தட்டில் நின்று வேலப்பன், தரையில் மிச்சம் கிடந்த மூட்டைகளையும் வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பரணின் கீழே போய் நின்று கூப்பிட்டேன்.

"யோவ், எறங்கி வா."

அவர் குனிந்து பார்த்தார். "ஆத்தா சொல்றாளா?"

"ஆத்தா இல்ல. ஒம் பொண்டாட்டி சொல்றேன். தூணு வளையுது, எறங்கி வந்துடு."

கீழே மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "ஆத்தா சொன்னா எறங்கலாம். பொண்டாட்டி சொல்லி எறங்குனா நாலு பேரு இன்னா பேசுவான்?" என்று அடுத்த மூட்டைக்குக் கையை நீட்டினார்.

வேறு வழி தெரியாமல் கொண்டையை மறுபடி அவிழ்த்தேன். உடம்பு ஆடியது. இந்தத் தடவை அது பயத்தில் ஆடியது. மேஸ்திரி என் தோளைப் பிடித்து ஒதுக்கினார். "புதன்கெழமைல எந்த ஆத்தா வருவா? போயி கோணியத் தையி," என்றார்.

நான் திரும்பி நாலு அடி வைத்திருப்பேன். தூண் மடங்கியது. தட்டுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இறங்கின. கிடங்கு முழுக்க அரிசித் தூசி பரவி, கொஞ்ச நேரம் யார் எங்கே என்று தெரியவில்லை. வாசலிலிருந்து அமீர் ஓடி வந்தான். அவனும் நானும்தான் முதலில் மூட்டைகளை இழுக்க ஆரம்பித்தோம். வேலப்பனுக்கு உயிர் இருந்தது. வலது காலின் மேல் இரும்புச் சட்டம் கிடந்தது.

ஆஸ்பத்திரியில் காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். வேறு வழியில்லை என்று டாக்டர் என்னிடம் பொறுமையாகவே சொன்னார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

கிடங்கில் அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். அரிசி மேலே இருந்தவரைக்கும் ஆத்தா சாந்தமாக இருந்தாளாம். பாரத்தை எடுத்ததில் அவளுக்கு மனத்தாங்கலாம். மேஸ்திரி கூழ் ஊற்ற ஏற்பாடு செய்தார். லியோனார்ட் இரண்டாவது பரணுக்குப் புதுத் தூண் வரவழைத்தார். அதன் தகட்டுக்குப் பூட்டும்போதே மஞ்சள் பூசிவிட்டார்கள். முன்னெச்சரிக்கையாம்.

வேலப்பன் இப்போது வீட்டு வாசலில் உட்கார்ந்து என்னோடு கோணி தைக்கிறார். உள்ளே வா என்றால் கட்டையை ஊன்றிக்கொண்டு உள்ளே வருகிறார். சாப்பிடு என்றால் சாப்பிடுகிறார். நான் சொல்வதைக் கேட்பதில் அவருக்கு இப்போது ஒரு வெட்கமும் இல்லை. அமீர் அவ்வப்போது வந்து பேசிக்கொண்டிருந்துவிட்டுப் போகிறான். அன்றைக்கு என்ன பேசுவார்கள் என்று இவர் பயந்தாரே, அந்த நாலு பேர், அவர்களில் ஒருவன்கூட இன்னும் எட்டிப் பார்க்கவில்லை.