அண்ணி முறுக்கிய துண்டு

என் தம்பிக்கு மைக் என்றால் உயிர். தட்டிப் பார்த்து, ஊதிப் பார்த்து அவன் பேச ஆரம்பித்தால் குழந்தைகள் மட்டும் தப்பித்து ஓடும். பெரியவர்களுக்கு மரியாதை தடுக்கும். எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பண்பாட்டுச் செயலாளர் அவன். இந்த ஆண்டு ஹோலிக்கு அவன் போட்ட சுற்றறிக்கை நான்கு பக்கம். எந்த ஊரில் போளியைத் தீயில் இடுவார்கள், எங்கே பாதாம் பாலில் மிளகு போடுவார்கள், யார் பச்சைக் கோதுமைக் கதிரை நெருப்பில் வாட்டித் தின்பார்கள், எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரி தடித்த எழுத்தில்: "எந்த மரபையும் மாற்றாமல் அப்படியே செய்ய வேண்டும்."

இருநூறு குஜியாவை யார் பொரிப்பது என்பது மட்டும் அதில் இல்லை. என் மனைவிதான். குஜியா என்பது பால்கோவா வைத்த சோமாசி. இதைத் தம்பி காதில் விழும்படி சொல்லக் கூடாது. வரலாறு பேச ஆரம்பித்துவிடுவான்.

ஆறு வருடமாக எந்த விழாவானாலும் அவன் மேடையில், அவள் அடுப்படியில். இந்த முறை என்னிடம் சொன்னாள்: "ஒரு தடவையாவது நானும் கீழ போய் கலர் பூசிக்கணுங்க. வேற ஒண்ணும் வேணாம்." நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டேன். என்னளவில் அது பெரிய காரியம்.

முதல் நாள் மாவு பிசையக் கீழ்வீட்டு மிட்டாய்க் கடைக்காரம்மா வந்தார். வடக்கே எங்கோ பிறந்தவர்; தமிழில் வம்பு பேசுவதில் நம்மை மிஞ்சியவர்.

"எங்க ஊர்ல ஹோலி அன்னிக்கு அண்ணிங்க கொழுந்தனுங்கள ஈரத்துணிய முறுக்கி விளாசுவாங்க. வருஷம் பூரா வேலை வாங்கினதுக்கு. அவன் திருப்பி அடிக்கக் கூடாது. சாயங்காலம் அண்ணிக்கு ஸ்வீட் வேற கொண்டுவந்து குடுக்கணும்."

என் மனைவியின் கை நின்றது. "சொந்தக் கொழுந்தனையா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனையா?"

"அவர் நோட்டீஸ்ல இது இல்லையே."

"கொழுந்தன் எழுதின நோட்டீஸ்ல எப்படி இருக்கும்?"

மறுநாள் காலை, நூறு குஜியா பொரிந்ததும் மனைவி அடுப்பை அணைத்தாள். என் குளியல் துண்டை வாளியில் முக்கிப் பிழிந்து, முறுக்கிக்கொண்டு இறங்கினாள். நானும் பின்னாலேயே போனேன்.

கஞ்சி போட்ட வெள்ளை ஜிப்பாவில் தம்பி முழங்கிக்கொண்டிருந்தான். "மரபு என்பது நமது மூச்சு" என்றபோது முதுகில் ஒன்று விழுந்தது. ஒலிபெருக்கியில் அது வெடிச்சத்தமாகக் கேட்டது.

"அண்ணி, என்ன இது?"

"மரபு, தம்பி. வேணும்னா இவங்கள கேளுங்க."

"ஆமா சார், எங்க ஊர்ல இது கட்டாயம்" என்றார் கடைக்காரம்மா. "இன்னும் பலமா விழும்."

"எல்லார் முன்னாடியுமா?"

"தனியா அடிச்சா அது குடும்பச் சண்டை சார்."

கூட்டம் அவனையே பார்த்தது. தனக்குத் தெரியாத மரபு ஒன்று உண்டு என்று ஒப்புக்கொள்வதைவிட முதுகைக் கொடுப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது. "தெரியும், தெரியும். அடுத்து அதைத்தான் சொல்ல வந்தேன்."

இன்னும் இரண்டு விழுந்தன. ஆறு வருடத்துக்கு மூன்று என்பது தள்ளுபடிதான். அதற்குள் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு முகமெல்லாம் பொடி அப்பினார்கள். அவள் தப்பி ஓடி, பெரிய வாளியோடு திரும்பி வந்தாள். அவளுக்கு அவ்வளவு வேகமாக ஓடத் தெரியும் என்பது கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் தம்பி ஸ்வீட் வாங்கக் கிளம்பினான். கடை பூட்டியிருந்தது, கடைக்காரம்மா இன்னும் எங்கள் வாசலில் ஆடிக்கொண்டிருந்தார். வேறு வழியில்லாமல் சமையலறைக்குள் நுழைந்து, மீதி மாவை உருட்ட ஆரம்பித்தான். முதல் பத்தும் எண்ணெயில் வாயைப் பிளந்து கோவாவைக் கக்கின.

"அண்ணி, ஏன் இப்படிப் பிரிஞ்சு போகுது?"

காதில் பச்சையும் நெற்றியில் ரோஸுமாக, ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவள் எழுந்திருக்கவில்லை. "ஓரத்துல தண்ணி தொட்டு ஒட்டுங்க, தம்பி."

பதினோராவது ஒட்டியது. தட்டில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினான். அவள் நிதானமாக ஊதி, கடித்து, மென்றாள். அவன் நின்றுகொண்டே இருந்தான்.

"நல்லா இருக்கா அண்ணி?"

"இன்னும் ரெண்டு போட்டு எடுத்துட்டு வாங்க. சொல்றேன்."