காத்தவராயனின் முழுக்கைச் சட்டை

மாலதி மறுபடி வேலைக்கு வந்தபோது தை பிறந்துவிட்டிருந்தது. 2010ஆம் வருஷம். அவள் விடுப்பில் இருந்த மாதங்களில் ஆபீஸில் மேசைகளை இடம் மாற்றியிருந்தார்கள். அவள் மேசை இப்போது ஜன்னல் ஓரம். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று முன்பே பேசிவைத்திருக்கிறார்கள் என்பது முகங்களிலேயே தெரிந்தது. ஐப்பசியில் அவளுக்குப் பிறந்த பெண் குழந்தை மறுநாள் விடியும்வரை கூடத் தங்கவில்லை. அதற்குப் பிறகு மாலதிக்குப் பசி வேளைக்கு வந்தது, தூக்கமும் வந்தது. அழுகை மட்டும் வரவில்லை. வரவில்லையே என்ற கவலையும் வரவில்லை.

அண்ணாமலை நகரில் ஒரு வீட்டு மாடியில் இருந்தது அந்த ஆய்வு நிறுவனம். வயலில் பூச்சிமருந்து அடிக்கிற ஆட்களின் உடம்பில் எவ்வளவு மருந்து படுகிறது, அது ஆபத்தான அளவா இல்லையா என்று கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு மென்பொருள் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தது. அதற்கு வேண்டிய விவரங்களை அது கேட்கிற ஒழுங்கில் அடுக்கிக் கொடுப்பது மாலதியின் வேலை. ஆளுக்கு ஒரு வரி. வயது, எடை, அடித்த மருந்து, எத்தனை ஏக்கர், எவ்வளவு நேரம், கையுறை உண்டா, அரைக்கையா முழுக்கையா, துணியில் இறங்கியிருந்த மருந்து எவ்வளவு. ஒரு கட்டம் காலியாக இருந்தால்கூட மென்பொருள் சிவப்பு காட்டி நின்றுவிடும்.

சட்டை விஷயம் அவள் இல்லாதபோது நடந்தது. வெளிநாட்டு முறைப்படி, படிகிற மருந்தை அளப்பதற்கென்று வெள்ளை அங்கி மாட்டி மருந்து அடிக்கச் சொன்னதற்கு, அந்தப் புழுக்கத்தில் ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் களப்பணியாளர் பொன்னுரங்கம் ஒரு ஏற்பாடு செய்தார். அவரவர் தம் சட்டையிலேயே மருந்து அடிப்பது, முடிந்ததும் அதைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குப் புதுச் சட்டை வாங்கிக்கொள்வது. கழற்றிய சட்டைகள் கடலூர் பரிசோதனைக்கூடத்துக்குப் போயின. எண்கள் திரும்பி வந்தன.

குமராட்சி ஆட்களின் வரிகளை அடுக்கும்போதுதான் ஒன்று துருத்திக்கொண்டு நின்றது. காத்தவராயன் என்ற ஆளின் சட்டையில் மற்றவர்கள் சட்டையில் இருந்ததைப் போல ஏழெட்டு மடங்கு மருந்து. மாலதி பிரிண்ட் எடுத்துப்போய்த் திட்ட மேலாளர் சிற்சபேசனிடம் காட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"பழைய சட்டயா இருக்கும்மா. சீசன் பூரா தோய்க்காம போட்டுருப்பான். அவுட்லையர். மொத்தக் கணக்கயும் கெடுத்துடும். எடுத்துடு."

"சரி சார்" என்று வந்தாள். உடனே எடுக்கவில்லை. காரணம் ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரமாகிவிட்டது, அவ்வளவுதான்.

அந்த வாரமே ஒரு பெண் மாடிப்படி ஏறி வந்தாள். ஐம்பதுக்குப் பக்கமாக வயது, கறுத்து மெலிந்த உடம்பு, கையில் மஞ்சப்பை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள்.

"பொன்னுரங்கம் சாரு இருக்காரா?"

"அவுரு வெளியூரு போயிருக்காரு. என்னா வேணும்?" மாலதி எழுந்து போனாள்.

"குமராட்சியிலேருந்து வர்றேன். எம் பேரு இருசம்மா. எங்க ஊட்டுக்காரரு சட்டைய வாங்கியாந்தாரு அந்தச் சாரு. காத்தவராயன்னு பேரு. அந்தச் சட்ட வேணும்."

"அதுக்குப் பதிலா புதுச் சட்ட குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. அது அவரோடவே போயிடுச்சி. அதப் போட்டுத்தான் அனுப்பினோம்."

அறையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. மார்கழிக் கடைசியில் காலைக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாராம். சிதம்பரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரும் வழியிலேயே முடிந்துவிட்டது. டாக்டர் மாரடைப்பு என்றாராம். இருசம்மாள் இதை மூன்றாம் வீட்டுச் சங்கதி போலச் சொன்னாள். சொல்லி முடித்ததும் மருந்தைப் பற்றிக் கேட்பாள் என்று மாலதி நின்றாள். இன்னும் அழிக்காத அந்த வரி திரையில் இருந்தது. ஓட்டிப் பார்த்தபோது மென்பொருள் அதற்கு, ஆபத்தான அளவு என்று சிவப்பு அம்பு போட்டிருந்தது.

இருசம்மாள் கேட்கவில்லை.

"நெனவா வெச்சிக்கவாம்மா?" என்று மாலதியே கேட்டாள்.

"நெனவுக்கா? அறுப்புக்கும்மா. மிஷின் எறங்காத சேத்துக் கொல்லைங்க நாலஞ்சி இருக்கு. ஆளு வெச்சிதான் அறுக்கறாங்க. முழுக்கச் சட்ட இல்லன்னா நெல்லுத் தாளு கைய அறுத்துடும். மத்த சட்டையெல்லாம் அரக்கை."

விசாரித்துச் சொல்வதாக மாலதி அனுப்பிவைத்தாள். மறுநாள் சிற்சபேசனிடம் அனுமதி கேட்டபோது, "போன்லயே கேக்கலாமே" என்றார். ஆனாலும் போகச் சொன்னார்.

கடலூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. ஆலப்பாக்கம் தாண்டி உப்புக்காற்று அடித்தது. தூங்கிப்போனாள். பரிசோதனைக்கூடத்துத் தேவநாதன் அவளை முன்பே தெரிந்தவர். டீ வரவழைத்தார். சட்டை என்றதும் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சட்டன்னு ஒண்ணு இல்லியே மேடம். கைய தனியா, முதுக தனியா, முன்பக்கத்த தனியா வெட்டி, துண்டு துண்டாக்கி, மருந்தக் கரைக்கற சால்வெண்டுல ஊற வெச்சிடுவோம். மருந்து அதுல எறங்கினாத்தான அளக்க முடியும்? மிச்சத்த எரிக்கக் குடுத்துட்டோம். இருந்தாலும் தரக் கூடாது. அதப் போட்டா மேலுக்கு ஆகாது."

"அந்தச் சட்டைல மட்டும் அவ்ளோ ஜாஸ்தி எப்புடி வந்துச்சி?"

தேவநாதன் கம்ப்யூட்டரில் தேடினார். "ரொம்ப நாளுப் படிஞ்சது. முதுகுல டேங்க் கசிஞ்ச தடம் இருந்துச்சி. அது சரி. ஆனா காலர்ல ஒரு தொல்ல. அத ஊறப்போட்டா தண்ணி மஞ்சளா எறங்கிச்சி. மருந்து கலர் இல்ல. கடசியில பாத்தா வெறும் மஞ்சத்தூளு. ஆம்பள சட்டைல எப்புடி வந்துச்சோ, அதப் பிரிக்கவே ஒரு நா ஆயிடுச்சி."

மாலதி டீயைக் குடித்து முடித்தாள். ஆம்பளைச் சட்டையில் மஞ்சள் எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அறுப்புக்கு வேண்டும் என்று வந்தவள், போன அறுப்புக்கும் அதற்கு முந்தைய களைக்கும் அதையேதான் போட்டிருப்பாள். முகத்தில் பூசிய மஞ்சளோடு.

அன்று சாயங்காலம் வீட்டில் பீரோவைத் திறந்துகொண்டு நின்றாள். கணவன் எழிலன் வாசலில் வந்து நின்றான். குழந்தைக்குப் பிறகு இருவரும் சண்டை போட்டதில்லை. பேசியதும் அதிகமில்லை.

"என்னா தேடுற?"

"உன் முழுக்கச் சட்ட ஒண்ணு வேணும். வயல்ல அறுக்கறவங்களுக்கு. கெட்டியா இருக்கணும்."

அவன் யாருக்கு, எதற்கு என்று கேட்கவில்லை. கையை விட்டு அடியிலிருந்து ஒரு நீலச் சட்டையை உருவித் தந்தான். "இது கெட்டி. பட்டன் ஒண்ணு இல்ல." அவள் பட்டன் தைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மினிபஸ்ஸில் குமராட்சிக்குப் போனாள். இருசம்மாள் வீட்டு வாசலில் அரிவாளைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தாள். பழைய சட்டை போய்விட்டது என்று மாலதி சொன்னாள். வெட்டிவிட்டார்கள் என்பதை ஒளிக்காமல் சொன்னாள். இருசம்மாள் தீட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டாள். பிறகு நீலச் சட்டையை வாங்கித் தோள் தையலை இழுத்துப் பார்த்தாள். புடவைக்கு மேலேயே போட்டுக் கையை மடித்துவிட்டாள்.

"பெரிசாத்தான் இருக்கு. பரவால்ல."

"அந்தச் சட்டைய நீங்களும் போடுவீங்களாம்மா?"

"ஆமா. அவரு இன்னிக்கி மருந்து அடிச்சிட்டு வருவாரு. மக்யா நாளு நான் கள பறிக்கப் போட்டுக்கிட்டுப் போவேன். ஒரே சட்டதான."

"தோய்ச்சிட்டுத்தான?"

"மழ நாளுல தோய்ச்சா எங்க காயுது? ஒதறிட்டுப் போடறதுதான். கொஞ்சம் எரியும். தேங்காண்ண தடவிக்குவேன்."

மாலதி பேனாவை எடுத்தாள். வயது கேட்டாள், இருசம்மாள் உத்தேசமாகச் சொன்னாள். எத்தனை நாள் அப்படிப் போட்டாள் என்று கேட்டாள். எடை கேட்டதற்கு இருசம்மாளுக்குத் தெரியவில்லை. ஒருமுறை ரேஷன் கடைத் தராசில் விளையாட்டாக ஏறி நின்றதில் அரிசி மூட்டையை விடக் குறைவாக இருந்தாளாம்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இருசம்மாள் கேட்டாள். "உனக்குப் புள்ளைங்க எத்தினிம்மா?"

ஆபீஸிலும் தெருவிலும் யாரும் கேட்காத கேள்வி. "ஒண்ணு பொறந்துச்சி. தங்கல" என்றாள் மாலதி. சொன்ன பிறகு நெஞ்சில் ஏதாவது நடக்கிறதா என்று பார்த்தாள். ஒன்றும் நடக்கவில்லை.

"எனக்கு ரெண்டு அப்புடி" என்றாள் இருசம்மாள். "அப்பறமா ஒரு பொண்ணு தங்குச்சி. கிள்ளையில கட்டிக் குடுத்துருக்கு." சொம்பைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். மினிபஸ் திரும்புகிற நேரமாயிற்று என்று நினைவுபடுத்தினாள்.

திங்கட்கிழமை மாலதி பட்டியலில் புதிதாக ஒரு வரி சேர்த்தாள். இருசம்மாள். அடித்த மருந்து என்ற இடத்தில் ஒன்றுமில்லை, நேரத்தில் பூஜ்யம். மென்பொருள் சிவப்பாகி நின்றது. எத்தனை விதமாக மாற்றிப் பார்த்தும் விடவில்லை. சிற்சபேசன் பின்னால் வந்து நின்று பார்த்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மருந்தே அடிக்காத ஆளுக்கு இதுல எடமில்லம்மா."

"மேல பட்டிருக்கே சார்."

"பட்டிருக்கும். ஆனா இது கேக்கறது அடிச்சவன மட்டும்." கொஞ்சம் யோசித்தார். "குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு, காத்தவராயன் வரியில. அதுல எழுதிடு."

"அத சாஃப்ட்வேர் படிக்காது சார்."

"படிக்காதுதான்."

"அப்ப அவரு வரியாவது இருக்கட்டும். பழைய சட்டன்னு எடுக்கச் சொல்றீங்க. எல்லாரும் பழைய சட்டதான் போட்டிருக்காங்க."

சிற்சபேசன் அவளையே பார்த்தார். வேலைக்குத் திரும்பியதிலிருந்து அவள் இவ்வளவு நீளமாகப் பேசி அவர் கேட்டதில்லை. "ரெண்டு விதமாவும் ஓட்டு. அவன் இருக்கற மாதிரி ஒண்ணு, இல்லாத மாதிரி ஒண்ணு. ரெண்டயும் அனுப்புவோம். அவங்க பாத்துக்கட்டும்."

இரண்டும் போயின. பங்குனியில் பதில் வந்தது. காத்தவராயன் இல்லாத கணக்கையே எடுத்துக்கொண்டிருந்தார்கள். சராசரி அளவு அனுமதிக்கப்பட்ட வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை சொன்னது. மாலதி அதைக் கோப்பில் சேர்த்தாள். அடுத்த திட்டத்துக்கான விவரங்கள் அதற்குள் வந்து குவிந்திருந்தன.

அன்று ராத்திரி சாப்பிடும்போது எழிலன் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அந்தச் சட்ட அவங்களுக்குச் சரியா இருந்துச்சா?" என்று கேட்டான். கொடுத்து இரண்டு மாதமாகியிருந்தது.

"பெரிசு. கைய மடிச்சிக்கிட்டாங்க." சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவங்ககிட்ட பாப்பா பத்தி சொன்னேன்" என்றாள்.

எழிலன் கை தட்டில் நின்றது. "என்னான்னு?"

"தங்கலன்னு."

அவன் தலையாட்டினான். பிறகு அவள் தட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சோறு வைத்தான். வேண்டாம் என்று சொல்லாமல் அவள் சாப்பிட்டாள்.