பாதியைக் கழித்த வெள்ளம்

வேதாந்தம் வாயைத் திறந்தால் மந்தைவெளிக் கொசு புறா அளவுக்கு வளர்ந்துவிடும். பெருமழை வருஷத்தில் அடையாற்றுக்குள் ஒரு திமிங்கிலம் ஏறி வந்து, சைதாப்பேட்டைப் பாலத்துக்கடியில் திரும்ப இடமில்லாமல் ரிவர்ஸிலேயே கடலுக்குப் போனதைப் பார்த்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கும் நாலு சுற்று, வீடு வந்து சேர்வதற்குள் நாற்பதாகியிருக்கும். பூங்கா நண்பர்கள் சுலபமாக ஒரு வழி வைத்திருந்தார்கள்: வேதாந்தம் எந்த எண்ணைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை காலை, மாடி வீட்டு மாளவிகா மைசூர்பாகு டப்பாவும் லேப்டாப்புமாக வந்தாள். தரமணியில் ஒரு கம்பெனியில் அணைகளுக்கு வரைபடம் போடுபவள்.

"மாமா, கருவேலாத்து நீர்த்தேக்கம் ஓகே ஆயிடுத்து! அறுபதாயிரம் ஏக்கர் பாசனம். எதை வெச்சு டிசைன் பண்ணினோம் தெரியுமா? சின்ன வயசுல நீங்க பொதுப்பணித்துறை வேலையில ஆத்தங்கரையில உக்காந்துண்டு எழுதின வெள்ள ரிஜிஸ்டர்!"

வேதாந்தத்துக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு வில்லையை வாயில் போட்டுக்கொண்டு திரையில் இருந்த ரிஜிஸ்டர் பக்கத்தை எட்டிப் பார்த்தார். இதுவரை வந்ததிலேயே பெரிய வெள்ளம்: 11 அடி. கீழே வால் சுழித்த அவர் கையெழுத்து.

அந்த எண்ணின் மேல் விரலை வைத்தார்.

"இது தப்பு. அன்னிக்கு வந்தது பத்தொன்பது."

மாளவிகா சிரித்தாள். "திமிங்கிலமும் வந்துதா மாமா?"

"விளையாடாதே. நானும் அளவு பார்க்கற சேரனும் கொட்டகைக் கூரையில ஏறி நின்னோம். தண்ணி உள்ளங்காலை நக்கித்து. பத்தொன்பதுன்னுதான் எழுதினேன். மறுவாரம் மேலதிகாரி கூப்பிட்டார். 'நதிநீர் நடுவர் மன்றத்துல மேல் மாநிலத்துக்காரன் இதைப் பார்த்தா, உங்க ஆத்துலயே இவ்வளவு போறதே, எங்ககிட்ட எதுக்குத் தண்ணி கேக்கறேள்னுவான். குறைச்சுடு'ன்னார். பிளேடால ஒன்பதோட தலையைச் சீவினேன். காம்பு மட்டும் நின்னுது. ஒண்ணு ஆயிடுத்து."

ஆயுசு முழுக்க எல்லாவற்றையும் ஊதிப் பெருக்கியவர் அந்த ஒன்றைத்தான் குறைத்திருந்தார்.

சிரித்தபடியே அவள் அந்த எண்ணைப் பெரிதாக்கினாள். இரண்டாவது ஒன்றின் தலைமாட்டில் காகிதம் தேய்ந்து, தேமல் போல ஒரு வெளுப்பு. இன்னும் பெரிதாக்கினாள். சிரிப்பு நின்றது.

"பதினோரு அடிக்குத்தான் உபரிநீர் மதகு வெச்சிருக்கோம்."

"பத்தொன்பது வந்தா?"

"மதகு போறாது. அணை மேலயே ஏறிடும். மண் அணை மாமா. கரைஞ்சு போயிடும்."

"கீழே யார் இருக்கா?"

"அணைக்குள்ள முழுகப்போற ஊர்க்காராளுக்கு அங்கதான் வீடு. முந்நூறு. கட்டியாச்சு."

"அப்போ மதகைப் பெரிசாக்கு!"

"எதைச் சொல்லி? பதினொண்ணை நம்பித்தானே நமக்குப் பங்கு பிரிச்சுக் குடுத்தா? இப்போ பத்தொன்பதுன்னா கேஸை மறுபடி திறப்பா. இருக்கற தண்ணியும் போகும்." லேப்டாப்பை மூடினாள். "இதை வேற யார்கிட்டயாவது சொல்லியிருக்கேளா?"

"பார்க்ல எல்லார்கிட்டயும். வருஷக்கணக்கா."

"யாராவது நம்பினாளா?"

"ஒருத்தர்கூட இல்லை."

"நல்லது மாமா." டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போனாள்.

ஜன்னலுக்கு வெளியே ஐப்பசி வானம் கரிச்சட்டியின் அடிப்பக்கம் போலக் கறுத்துக் கிடந்தது. வேதாந்தம் போனை எடுத்தார். சேரன் செத்துப் பத்து வருஷம். மேலிடத்து உத்தரவு என்று அந்த வெள்ளத்தைப் பற்றிக் கடைசிவரை மூச்சு விடாதவன். வெள்ளம் வடிந்து வெகுநாள் கழித்து அவனுக்கு வாழ்க்கைப்பட்டவள் பொன்மணி. அவளுக்கும் அந்த முந்நூறில் ஒரு வீடு.

"பொன்மணி, புது வீட்டுக்குப் போகாதே! அங்கே பத்தொன்பது அடி வெள்ளம் வரும்!"

"ஐயாவா!" அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. "எங்க வீட்டுக்காரரு சொல்லுவாரு, ஐயா எதைச் சொன்னாலும் பாதியைக் கழிச்சுக்கணும்னு. அப்ப ஒம்பதரை. எங்க வாசப்படியே ஆத்துக்குப் பன்னண்டு அடி ஒசரங்க."

வேதாந்தம் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கழித்தது போகப் பத்தொன்பது மிஞ்ச வேண்டும்.

"முப்பத்தெட்டு அடி!" என்று கத்தினார்.

பொன்மணி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும், "தை பொறந்ததும் பால் காய்ச்சுறோம். ஐயா அவசியம் வந்துரணும்" என்றாள்.